புள்ளிகள் கூடும் வீடு

மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், தம்பி தன் அக்காவின் மணிக்கட்டில் கறுப்புப் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டான். ரப்பர் பட்டை. நடுவில் நகத்தளவுக்கு ஒரு விளக்கு. அக்கா தெருக்கூட்டுகிறவள். தம்பி அதே நகர நிர்வாகத்தின் திட்டப் பிரிவில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன். அப்பா செத்ததும் அவருடைய துடைப்பம் அக்காவுக்கு வந்தது, படிப்பு தம்பிக்குப் போனது. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

"இறுக்காதடா. ரத்தம் ஓடணும்ல" என்றாள் அக்கா.

"இறுக்கமா இருந்தாத்தான்க்கா வேலை செய்யும்."

"நான் வேலை செய்யறதுக்கா, இது வேலை செய்யறதுக்கா?"

தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த தம்பியின் மனைவி சிரித்தாள். பள்ளிக்கூடச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாடகை வீட்டில் இருந்ததே இரண்டு அறை. முன்னறையில் பாதியை மிஷினும் துணி மூட்டையும் எடுத்துக்கொண்டன. மீதிப் பாதியில் மனிதர்கள் ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.

நகரத்துக்குத் தொழில்நுட்ப மேம்பாட்டுத் திட்டம் ஒன்று எழுத வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்து வருடம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. விளக்குக் கம்பம், குடிநீர்க் குழாய், குப்பை வண்டி, வரி என்று எல்லாவற்றையும் ஒரே திரையில் கொண்டுவந்துவிட்டால் நகரம் தானாகத் திருந்திவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. தம்பி துறை துறையாகப் போய் "உங்களுக்கு என்ன மேம்பாடு வேணும்?" என்று கேட்டான். கேட்டதை எழுதினான். எழுதியதைத் திருத்தச் சொன்னார்கள், திருத்தினான். திருத்தியதைப் பழையபடி ஆக்கச் சொன்னார்கள், அதையும் செய்தான். வரைபடத்தில் ஓயாமல் புள்ளி வைத்துக்கொண்டிருந்ததால் ஆபீசில் அவனுக்குப் 'புள்ளிக்காரர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. முப்பத்தைந்து வயதிலேயே கண்ணுக்குக் கீழே பை தொங்கியது.

தெருக்கூட்டுகிறவர்களுக்குப் பட்டை கட்டுவது திட்டத்தின் முதல் வெள்ளோட்டம். அவரவருக்கு ஒதுக்கிய தெருக்களுக்குள் இருக்கும்வரை திரையில் பச்சைப் புள்ளி. வெளியே போய்க் கால் மணி நேரம் நின்றால் பட்டை கையில் கிடந்து நடுங்கும், புள்ளி சிவப்பாகிவிடும். வெள்ளோட்டம் முழுவதும் பச்சையாக இருப்பவர்களை வேலையில் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா தற்காலிகமாகச் சேர்ந்தவள். தற்காலிகமாகவே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

வேறு யாரும் பட்டைக்குக் கை நீட்டவில்லை. அதனால் தம்பி அக்காவின் கூட்டத்தைத்தான் பிடித்தான். அவர்களையும் சம்மதிக்க வைக்க, முதலில் தன் கையில் ஒன்றைக் கட்டிக்கொண்டான். தன் பெயரையும் கணினியில் ஏற்றினான்.

"பாருக்கா, நானும் கட்டியிருக்கேன். எனக்கு ஆபீஸ்தான் எல்லை. ஒன்பதரைக்கு உள்ள போகலைன்னா எனக்கும் சிவப்புதான்."

"நீ நாற்காலியில உக்காந்திருக்கிறவன். நாற்காலி எங்கடா போகப் போகுது?" என்றாள் அக்கா. ஆனாலும் கட்டிக்கொண்டாள். நிரந்தரம் என்ற வார்த்தை அவள் காதில் விழுந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தாள். ஈரத் துடைப்பத்தை வாசலில் சாய்த்துவிட்டு, உள்ளே வந்து ரொட்டியை டீயில் முக்கித் தின்றாள்.

"டேய், இந்த வளையலு அப்பப்ப கையில கெடந்து துடிக்குது. பக்குனு ஆயிடுது எனக்கு. எங்க கூட்டத்து நெட்டச்சி நேத்து பயந்து குப்பைக் கூடையைக் கீழ போட்டுட்டா."

"முதல்ல அப்படித்தான்க்கா இருக்கும். போகப் போகப் பழகிடும்."

ஏன் துடிக்கிறது என்று அவன் கேட்கவில்லை. அன்றைக்கு அவன் தலையில் தெருவிளக்குக் கம்பங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் மனைவி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள், அக்கா ரொட்டியைப் பார்த்தாள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

வெள்ளோட்டம் முடியப்போகும் சமயத்தில்தான் அவன் மொத்தத்தையும் ஒரே படமாகப் போட்டுப் பார்த்தான். மறுநாள் ஆணையர் முன்னால் காட்ட வேண்டிய படம். பச்சைப் புள்ளிகள் தெரு நெடுகத் தூவிக் கிடந்தன. நடுவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்து ஒன்றில், சிவப்புப் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. காலை வேளையில் அக்காவின் கூட்டம் மொத்தமும் ஒரே இடத்தில் வந்து கூடுகிறது. நிற்கிறது. போகிறது. அந்தச் சந்து யாருடைய எல்லைக்குள்ளும் வராது. அவ்வளவு குறுகலான சந்தை யாரும் கூட்டுவதே இல்லை.

படத்தைப் பெரிதாக்கினான். மூலை வீடு. பக்கத்தில் மூடிய மாவு மில். எதிரே மின்சாரப் பெட்டி. அந்த வீட்டுக்குத்தான் அவன் மாதாமாதம் வாடகை கொடுக்கிறான்.

படம் தப்பு என்றுதான் முதலில் நினைத்தான். நாள் நாளாகப் பிரித்துப் பார்த்தான். எல்லா நாளும் அவன் வீடுதான். அவன் பஸ் ஏறிப் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் முதல் புள்ளி வந்துவிடுகிறது.

சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் கேட்டான்.

"காலையில நம்ம வீட்டுக்கு யாரு வர்றாங்க?"

"யாரு வருவாங்க? துணி குடுக்கறவங்க வருவாங்க."

"தெருக்கூட்டறவங்க?"

அவள் ஊசியில் நூல் கோர்ப்பதை நிறுத்தவில்லை. "அண்ணி வருவாங்க. கூட நாலு பேரு வருவாங்க. ஏன், வரக் கூடாதா?"

"எதுக்கு வர்றாங்க?"

"எதுக்குங்க வருவாங்க? பாத்ரூமுக்குத்தான்."

அவன் அப்படியே துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

"விடியறதுக்கு முந்தி வேலைக்கு வர்றாங்க. பத்து மணி வரைக்கும் தெருவுல. எங்க போவாங்க? ஆம்பளைங்க செவுத்தைப் பாத்து திரும்பி நின்னுக்கறாங்க. இவங்க எந்தச் செவுத்துக்கு போறது? மார்க்கெட்ல ஒண்ணு கட்டி வச்சிருக்கீங்களே, அது என்னைக்காவது தொறந்து பாத்திருக்கீங்களா? ஒருநாள் அண்ணி வாசல்ல வந்து நின்னாங்க. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. உள்ள போங்கன்னேன். மறுநாள், கூட ஒருத்தி வந்திருக்கா, அவளும் போகலாமான்னு கேட்டாங்க. போகக் கூடாதுன்னு எப்படிச் சொல்றது?"

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணுவீங்க? மாடிவீட்டுக்காரர் தண்ணித் தொட்டியை எட்டிப் பாத்துக்கிட்டே இருக்காரு, வாடகை வீடு, எதுக்கு வம்புன்னு சொல்லுவீங்க."

அவன் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் வெளியே வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

"எத்தனை சிவப்புடா எனக்கு?"

"நெறைய இருக்குக்கா."

"நிரந்தரம் போச்சா?"

"இப்படியே காட்டினா போச்சு."

அக்கா பட்டையைத் தடவினாள். "அஞ்சு நிமிசத்துல வந்துடலாம்னுதான் போறது. ஒருத்தி உள்ள இருந்தா அடுத்தவ நிக்கணும்ல. நான்தான் கடைசியாப் போவேன், வயசு புள்ளைங்க முதல்ல போகட்டும்னு. அதான் எனக்குச் சிவப்பு ஜாஸ்தி. முந்தியெல்லாம் தண்ணியே குடிக்க மாட்டோம். நெட்டச்சிக்கு அதுலதான் நீர்க்கடுப்பு வந்து காய்ச்சல்ல படுத்தா. உன் பொண்டாட்டி கதவைத் தொறந்த பெறகுதான் நாங்க தண்ணியே குடிக்கிறோம்."

"இதை அன்னைக்குக் கூட்டத்துல சொல்லியிருக்கலாமேக்கா. என்ன வேணும்னு கேக்கத்தானே உங்களைக் கூப்பிட்டோம்?"

"சொன்னேனேடா!" அக்காவின் குரல் உயர்ந்தது. "கக்கூசு வேணும்னு நானேதான் எந்திரிச்சு நின்னு சொன்னேன். நீதானே எழுதின?"

அவனுக்கு நினைவு வந்தது. எழுதினான். வீட்டுக்கு வந்து தட்டச்சும் செய்தான். ஆனால் எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று தெரியவில்லை. கைப்பட்டை, கேமரா, செயலி எதிலும் அது சேரவில்லை. கடைசியில் 'தொழில்நுட்பம் சாராதவை' என்று ஒரு தலைப்புப் போட்டுப் பின்னிணைப்பில் தள்ளினான். அதைப் படித்தவர் யாரும் இல்லை. எழுதிய அவனே மறந்துவிட்டான்.

"மிசின் தப்புன்னு சொல்லிடுடா" என்றாள் அக்கா. "அந்த எடத்துல சிக்னலு சரியில்ல, அது இதுன்னு சொல்லு. உனக்குத் தெரியாத பேச்சா?"

அவனும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும், யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

"சொல்லலாம் அண்ணி" என்றாள் மனைவி. "மிஷின் தப்புன்னா ரிப்பேர் பண்ணுவாங்க. ரிப்பேர் பண்ணின பெறகும் நீங்க இங்கதானே வரணும்? அப்ப என்ன சொல்லுவாரு?"

மூன்று பேரும் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். வெளியே மாவு மில்லின் தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கியது. அக்கா குடை கொண்டுவரவில்லை. தைக்கக் கொடுத்திருந்த யாருடைய மழைக்கோட்டையோ போட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள் கூட்ட அறையில் குளிர்சாதனம் போட்டிருந்தார்கள். வெளியே மழைக் குளிர், உள்ளே இந்தக் குளிர். ஆணையர் அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். அவருக்கும் இது அன்றைக்கு எத்தனையாவது கூட்டமோ, கண் சொருகிக்கொண்டு வந்தது. வெளியிலிருந்து அமர்த்திய ஆலோசகர்தான் படத்தை விளக்கினார். கசங்காத சட்டை, களைக்காத குரல். ஊரில் களைக்காதவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

"மேடம், இங்க பாருங்க. இந்தக் குழுவுல அத்தனை பேரும் தினமும் காலையில எல்லையைத் தாண்டி ஒரே எடத்துல கூடறாங்க. டீக்கடைகூட இல்ல. தனியார் வீடு."

"வீட்டுல என்ன பண்றாங்க?"

"சைடுல ஏதாவது வீட்டு வேலை செய்யலாம். இந்தப் பட்டை இல்லன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது மேடம். இதுதான் இந்தத் தொழில்நுட்பத்தோட வெற்றி. இவங்களை நிரந்தரப் பட்டியல்ல இருந்து எடுத்துடலாம். வீட்டுக்காரருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பலாம்."

"யாரு வீடுன்னு பாருங்க" என்றார் ஆணையர்.

சிக்னல் வாக்கியம் தம்பியின் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் 'ரிப்பேர் பண்ணின பெறகு?' என்று மனைவி கேட்டது காதுக்குள்ளேயே நின்றது.

"என் வீடுங்க மேடம்" என்றான்.

அறையில் நாற்காலிகள் திரும்பின.

"உங்க வீடா? உங்க வீட்டுல என்ன பண்றாங்க?"

"பாத்ரூம் போறாங்க மேடம்."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு இருமுவதுபோல் மழுப்பினார். ஆணையர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"பக்கத்துல பொதுக் கழிப்பறை இல்லையா?"

"மார்க்கெட்ல இருக்குங்க. பூட்டியிருக்கு. தொறக்கறதுக்கு ஃபைல் போயிருக்கு."

"இதை ஏன் தேவைகள்ல சேர்க்கல?"

"சேர்த்திருக்குங்க. பின்னிணைப்புல. தொழில்நுட்பம் சாராதவைங்கற தலைப்புல."

"அப்படி யாரு போட்டது?"

"நான்தாங்க மேடம்." சொல்லும்போது அவனுக்கு அவமானமாக இருந்தது. "அந்தக் குழுவுல இருக்கற மூத்தவங்க என் அக்கா. அவங்க சொல்லித்தான் நான் எழுதினேன். எழுதி அங்க போட்டுட்டேன்."

ஆணையர் கெட்டவர் இல்லை. பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே யோசித்தார். அந்தப் பெண்களின் சிவப்பை எல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது, அவர்கள் பெயர்கள் நிரந்தரப் பட்டியலில் இருக்கட்டும் என்று அங்கேயே சொன்னார். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு கூட்டத்தை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கூட்டங்கள் அப்படி முடிவதில்லை.

"கட்டடம் கட்டறதுன்னா அது பொறியியல் பிரிவு. நம்ம திட்டத்துல கட்டடத்துக்கு இடமில்ல" என்றார் ஆணையர், வருத்தத்தோடுதான்.

"தேவையே இல்ல மேடம்" என்றார் ஆலோசகர். இதற்குள் அவர் கட்சி மாறியிருந்தார். "இது அருமையான முன்மாதிரி. குடிமக்கள் பங்கேற்பு. நம்ம ஊழியர் ஒருத்தரே தன் வீட்டைக் குடுத்திருக்காரு. வரைபடத்துல அந்த வீட்டைப் பச்சையாக்கிடுவோம். பக்கத்து வார்டுப் பெண்களுக்கும் தகவல் அனுப்பிடலாம். செலவே கிடையாது."

எல்லோரும் கை தட்டினார்கள். தம்பியும் தட்டினான், வேறென்ன செய்வது என்று தெரியாமல். பட்டை கட்டிய கை என்பதால் சத்தம் கொஞ்சம் வித்தியாசமாக வந்தது. "நீங்களும் கட்டியிருக்கீங்களா? ரொம்ப நல்லது. கழட்டிடாதீங்க, மத்தவங்களுக்கு ஒரு உதாரணமா இருக்கும்" என்றார் ஆணையர்.

சாயங்காலம் செய்தியைச் சொன்னதும் அக்கா அவன் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் செய்ததில்லை. மனைவி மட்டும், "பக்கத்து வார்டுன்னா எத்தனை பேருங்க?" என்று கேட்டாள். அவன் களைப்பில் அதைக் காதில் வாங்கவில்லை. சோபா இல்லாத வீட்டில் துணி மூட்டை மேலேயே தூங்கிப்போனான்.

அடுத்த வாரம் பக்கத்து வார்டுக்கும் பட்டை கொடுத்தார்கள், திட்டம் அச்சாகி வந்தது. வழவழப்பான தாள். உள்ளே அவன் வீடு ஒரு பச்சை வட்டமாக இருந்தது.

அதற்கு மறுநாள் காலை, ஒன்பது மணி தாண்டியும் தூங்கிக்கொண்டிருந்த அவனை மனைவி உலுக்கி எழுப்பினாள்.

"எந்திரிங்க. வாசல்ல வந்து பாருங்க."

சந்து நெடுகப் பெண்கள் நின்றார்கள். துடைப்பம் தூக்கியவர்கள், கூடை வைத்தவர்கள், மழைக்குத் தலையில் பாலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டவர்கள். பாதி முகங்கள் அவன் பார்த்தே இராதவை. ஒவ்வொரு மணிக்கட்டிலும் கறுப்புப் பட்டை. வரிசை முன்னறைக்குள் நுழைந்து, தையல் மிஷினைச் சுற்றிக்கொண்டு, பின்னாலிருந்த ஒற்றைக் கதவில் போய் முடிந்தது. சீருடைத் துணிகளை மனைவி பரண் மேல் ஏற்றியிருந்தாள்.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் கத்தினார். "தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல! என்ன நடக்குது இங்க? மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணுங்க!"

"காலி பண்ணலாம் சார்" என்று மனைவி கீழேயிருந்து குரல் கொடுத்தாள். "வீடு பிளான்ல ஏறிடுச்சு. நீங்களே போய் ஆணையரம்மாவைப் பாத்து எறக்கச் சொல்லிட்டு வாங்க. நாங்க மூட்டையைக் கட்டிடறோம்." வரிசையில் சிரிப்பு ஓடியது. மாடி ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்கு நடந்தாள். சிரித்தவர்களோடு அவள் சிரிக்கவில்லை.

தம்பி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவை நோக்கிப் போனான். யாரும் வழி விடவில்லை.

"தம்பி ஆபீசு போற ஆளு. முன்னாடி விடுங்கடி" என்றாள் அக்கா. அவளும் வரிசையில்தான் நின்றாள், வழக்கம்போல் தன் கூட்டத்தின் கடைசியில்.

"எப்படிக்கா விடறது?" என்றாள் நெட்டச்சி. நல்ல உயரம், அதனால் அவள் குரல் எல்லோருக்கும் மேலேயிருந்து வந்தது. "இங்கயும் கால் மணிதான். தாண்டினா பச்சை வீடா இருந்தாலும் துடிக்குமாம். உன் தம்பிதான் அப்படி வச்சிருக்காராம். கேளு."

அவன்தான் வைத்திருந்தான். ஆலோசகர் கேட்டார் என்று கணினியில் ஒரு வரி சேர்த்தான். சேர்க்கும்போது சின்ன வரியாகத்தான் தெரிந்தது.

பின்னால் போய் அக்காவுக்கு அடுத்து நின்றான். வரிசை நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. ஒரு புதுப்பெண் உள்ளே போனாள். இரண்டு பேர் பட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, அடக்கிக்கொள்வதாகச் சொல்லி ஓடினார்கள். ஒரு பஸ் போகும் சத்தம் தெருமுனையில் கேட்டது. அதற்கடுத்த பஸ் போகும் சத்தமும் கேட்டது. அவன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றான். வயிறு கனத்தது. அக்காவுக்கு முன்னால் நின்றவளின் கூடையிலிருந்து ஈரக் குப்பையின் வாசம் வந்தது. போய்ச் சேர வேண்டிய ஆபீசில் சுத்தமான கழிப்பறை ஒன்று, ஆளில்லாமல், விளக்குப் போட்டபடி இருப்பது அவனுக்கு நினைவு வந்தது. அதுவரைக்கும் தாங்காது.

அக்காவின் முறை வந்தது. அவள் கதவில் கை வைத்துவிட்டு நின்றாள். திரும்பித் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் தன் கூட்டத்தில் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறாள்.

"நீ போடா" என்றாள்.

"உனக்குக் கால் மணி ஆகப் போகுதுக்கா. நீ போ."

"போடாங்கறேன்."

அந்த நேரத்தில் அவன் கையில் பட்டை நடுங்கியது. ஆபீஸ் நேரம் தாண்டிவிட்டது. பச்சை என்று அவன் போட்டது தெருக்கூட்டுகிறவர்களுக்குத்தான். திட்டப் பிரிவுக்காரருக்கு எல்லை ஆபீஸ் மட்டும். அவன் வீடு அவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் பச்சை. பட்டை விட்டு விட்டு நடுங்கியது. அவன் அதை மறுகையால் அழுத்திப் பிடித்தான், அடங்கவில்லை. வரிசையிலிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவன் கையையே பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா அவன் மணிக்கட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். துடைப்பம் பிடித்துக் காய்த்த கை. பட்டையின் மேல் அதை வைத்து மூடினாள்.

"பயப்படாத" என்றாள். "முதல்ல அப்படித்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்."

சொல்லிவிட்டு அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.